எடை போடாத நெல்லின் கணக்கு

ஆண்டுதோறும் நாளிதழில் வரும் செய்தி இது: இந்தப் பருவத்தில் நாட்டின் நெல் உற்பத்தி இத்தனை கோடி டன்னாக இருக்கும். செய்தி அச்சாகும் நாளில் பாதி வயல்களில் கதிர் பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும். அறுத்த நெல்லில் ஒரு பங்கு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே தராசு உண்டு. இன்னொரு பங்கை வியாபாரி களத்திலேயே மூட்டை பிடித்து எடுத்துப்போகிறார். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கியது எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. அப்படியானால் ஒரு நாட்டின் மொத்த நெல்லையும் எடை போட்டது யார்?

யாருமில்லை. அந்த எண் ஒரு மதிப்பீடு. அதை நம்பித்தான் ஓர் அரசு அரிசியைக் கப்பலேற்றலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கிறது. அண்டை நாட்டில் அடுத்த மாதம் உலை கொதிக்குமா என்பதும் அந்த முடிவைப் பொறுத்திருக்கிறது.

நன்றாக விளைந்த ஆண்டில் வந்த பயம்

2008இன் தொடக்கத்தில் தாய்லாந்து அரிசி டன் 400 டாலருக்கும் கீழே விற்றது. மே மாதத்தில் அது 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் 2007-08இல் உலகம் விளைவித்த அரிசி, அதற்கு முந்தைய எந்த ஆண்டையும் விட அதிகம். விளைச்சல் குறையவில்லை, விலை மட்டும் இரண்டரை மடங்கு ஏறியது.

கோதுமை விலை ஏறியபோது இந்தியா எச்சரிக்கையானது. 2007 அக்டோபரில் பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, 2008 ஏப்ரலில் அதைத் தடையாக இறுக்கியது. வியட்நாமும் கம்போடியாவும் எகிப்தும் கதவை அடைத்தன. வெளியிலிருந்து வாங்கியாக வேண்டிய பிலிப்பைன்ஸ் பதறிப்போய் அடுத்தடுத்து பெரிய டெண்டர்களை விட்டது. அந்த டெண்டர்களைப் பார்த்து, கையில் சரக்கு வைத்திருந்தவர்கள் விற்பதை நிறுத்தினார்கள். அரிசி ஏற்றுமதி செய்யும் நாடான வியட்நாமின் ஹோ சி மின் நகரிலேயே, ஏப்ரல் கடைசியில் மக்கள் கடைகளில் முண்டியடித்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள்.

இவ்வளவு சிறிய உரசலில் இவ்வளவு பெரிய தீ பற்றியதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு உலகில் விளைந்த அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுதான் நாடு கடந்து விற்பனைக்கு வந்தது. மற்றதெல்லாம் விளைந்த நாட்டிலேயே தின்று தீர்ந்தது. சந்தை அத்தனை மெல்லியதாக இருந்ததால் இரண்டு பெரிய நாடுகள் பின்வாங்கியதும் கிழிந்துவிட்டது. மறைப்பவர் யார், உண்மையிலேயே இல்லாதவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பயம் இறங்கிய விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஜப்பான் ஆண்டுதோறும் கொஞ்சம் வெளிநாட்டு அரிசியை வாங்கியாக வேண்டும். அந்நாட்டு மக்கள் அதை விரும்பிச் சாப்பிடுவதில்லை என்பதால் சுமார் 15 லட்சம் டன் கிடங்குகளில் கிடந்தது. 2008 மே மாதத்தில், அதில் ஒரு பகுதியைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்ப ஜப்பான் தயார், அமெரிக்காவும் ஆட்சேபிக்காது என்ற செய்தி வெளியானது. ஒரு மூட்டை கூடக் கப்பலேறும் முன்பே விலை இறங்கத் தொடங்கியது. வியட்நாமின் புது அறுவடையும் அதே நேரத்தில் வந்து கைகொடுத்தது உண்மை. ஆனால் அரிசி இருக்கிறது, கொடுப்பார்கள் என்ற தகவல் தெரிந்ததுமே பதுக்கியவர்கள் விற்க ஆரம்பித்தார்கள். நம்பத்தகுந்த எண் ஒன்று சந்தையில் அரிசியைப் போலவே வேலை செய்தது.

ஓர் எண், இரண்டு எண்

அப்படிப்பட்ட எண்ணை உருவாக்குவது எப்படி? பழைய வழி கண் மதிப்பு. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் கிராம அலுவலர் வயலைப் பார்த்து, வழக்கமான விளைச்சல் பதினாறு அணா என்றால் இந்த ஆண்டு பன்னிரண்டு அணா தேறும் என்று எழுதி அனுப்புவார். கிராமம் தாலுகாவாகும், தாலுகா மாவட்டமாகும், கடைசியில் நாட்டின் கணக்காகும். ஆசியாவின் பல நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் இதே முறைதான் நெடுங்காலம் நடந்தது.

இந்தோனேசியாவும் நெல் பரப்பை அப்படித்தான் கணக்கிட்டது: கண்ணால் பார்ப்பது, எத்தனை மூட்டை விதை போனது, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று பார்ப்பது. இதில் தவறு ஒரே பக்கமாகச் சாயும். உற்பத்தி இலக்கைச் சுமக்கும் மாவட்ட அதிகாரி குறைவாக எழுதத் தயங்குவார். வீட்டுமனையாகவோ தொழிற்சாலையாகவோ மாறிவிட்ட வயல் ஏட்டில் வயலாகவே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மிகை. அதன்மேல் அடுத்த ஆண்டின் மிகை.

2018இல் அந்நாட்டின் வேளாண் அமைச்சகம் 8 கோடி டன்னுக்கு மேல் நெல் விளையும் என்று கணக்கு வைத்திருந்தது. சாப்பிட்டது போக 1 கோடியே 30 லட்சம் டன் அரிசி மிஞ்ச வேண்டும். ஆனால் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தது, அதே ஆண்டில் அரசு 20 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்தது. மிச்சமிருக்கும் நாடு ஏன் வாங்குகிறது?

அக்டோபரில் மத்திய புள்ளியியல் நிறுவனம் புது முறையில் எடுத்த கணக்கை வெளியிட்டது: நெல் 5 கோடியே 65 லட்சம் டன். விதை, தீவனம், சேதாரம் போக அரிசி 3 கோடியே 24 லட்சம் டன். மிச்சம் 28 லட்சம் டன் மட்டுமே. ஏட்டிலிருந்த ஒரு கோடி டன் அரிசி ஒரே நாளில் காணாமல் போனது. அது ஒருபோதும் விளைந்திருக்கவில்லை. 1997 முதலே கணக்கு பிசகி வந்திருக்கிறது என்று அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் யூசுஃப் கல்லா வெளிப்படையாகச் சொன்னார். பின்னால் மேலும் மாதிரிகளைச் சேர்த்து, அந்த ஆண்டின் கணக்கு 5 கோடியே 92 லட்சம் டன் என்று திருத்தப்பட்டது. தன் எண்ணைத் தானே திருத்தி அறிவிக்கும் ஒரு நிறுவனத்தை நான் கூடுதலாகவே நம்புவேன்.

ஒன்பது புள்ளிகள்

அந்தப் புது முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்; மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இது போதும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானைக்குள் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்ததால் அது சரிப்படுகிறது. வயல்கள் அப்படியில்லை. ஒரு வயல் தலைமடையில், ஒன்று கடைமடையில். ஒன்று கடன் வாங்கி உரம் போட்டது, ஒன்று போடாதது. ஆகவே எந்தச் சோற்றை எடுப்பது என்பதை எடுப்பவர் தீர்மானிக்கக் கூடாது. அதைச் சீட்டுக் குலுக்கலிடம் விட்டுவிட வேண்டும். மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படை இதுதான்.

இந்தோனேசியாவின் நெல் நிலங்களை வரைபடத்தில் 300 மீட்டருக்கு 300 மீட்டர் சதுரங்களாக வெட்டி, அவற்றில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சதுரம் என்பது 9 ஹெக்டேர். அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் களப்பணியாளர் கைப்பேசியுடன் அந்த ஒன்பது புள்ளிகளுக்கும் நடந்துபோக வேண்டும். புள்ளிக்கு அருகில் போய் நின்றால்தான் செயலி பதிவை ஏற்கும். வரப்பு வழுக்கும், வாய்க்காலைத் தாண்ட வேண்டியிருக்கும். சாலையோரத்து மரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. எவ்வளவு விளையும் என்ற கேள்வியே அவரிடம் கேட்கப்படுவதில்லை. இங்கே பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு புகைப்படமும் எடுக்க வேண்டும்.

ஜூலைக் கடைசியில் ஒரு சதுரத்தில் கண்டது இப்படி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளில் நடவு முடிந்து நாற்று வேர் பிடித்திருக்கிறது. மூன்றில் தூர் கட்டி வளர்ந்து நிற்கிறது. இரண்டில் கதிர் வந்துவிட்டது. ஒன்றில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. கடைசிப் புள்ளியில் ஒரு வீடு. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குப் பதிலாக நிற்கிறது. எனவே ஜூலையில் இங்கே அறுவடையானது 1 ஹெக்டேர். கதிர் வந்த இரண்டும் ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். தூர் கட்டிய மூன்று செப்டம்பரில். இளம்பயிர் இரண்டும் அக்டோபரில். ஒரே நடையில் ஒரு மாதக் கணக்கும் அடுத்த மூன்று மாதங்களின் முன்னறிவிப்பும் கிடைத்துவிட்டன.

ஆகஸ்டுக் கடைசியில் அதே ஆள் அதே புள்ளிகளுக்குத் திரும்பிப் போகிறார். கதிர் வந்திருந்த இரண்டில் ஒன்று புகையான் தாக்கிக் காய்ந்து கிடக்கிறது. இரண்டு ஹெக்டேர் என்ற முன்னறிவிப்பு ஒன்றாகிறது. இந்த ஒரு சதுரத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. உண்மையில் அங்கே நாசமானது அரை ஹெக்டேராகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ இரண்டு லட்சம் புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஓரிடத்தில் கூடுதலாகப் பிழைத்தது இன்னோரிடத்தில் குறைவாகப் பிழைத்ததோடு ஈடாகிவிடும். கண் மதிப்பில் பிழைகள் ஒரே திசையில் சாய்ந்ததால் கூடிக்கொண்டே போயின. இங்கே அவை எல்லாத் திசையிலும் சிதறுவதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

இரண்டரை மீட்டர்

பரப்பு கிடைத்தது. ஹெக்டேருக்கு எவ்வளவு என்று தெரிய, அறுத்துத்தான் பார்க்க வேண்டும். குலுக்கலில் வந்த வயலில், குலுக்கலில் வந்த இடத்தில், இரண்டரை மீட்டர் நீள அகலத்துக்குச் சட்டம் பதித்து அதற்குள் நிற்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். ஒரு ஹெக்டேரில் அப்படி 1,600 துண்டுகள் அடங்கும். துண்டில் 3 கிலோ 250 கிராம் நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5,200 கிலோ. சட்டத்துக்குள் 50 கிராம் கூடினால் ஹெக்டேருக்கு 80 கிலோ கூடிவிடும்.

தவறு நுழைவது இந்த இடத்தில்தான். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் குத்து உள்ளேயா, வெளியேயா? கதிர் உள்ளே சாய்ந்திருக்கிறது, வேர் வெளியே இருக்கிறது. சந்தேகம் வந்தால் மனிதக் கை உள்ளே சேர்த்துக்கொள்ளும். துண்டு சிறிதாகச் சிறிதாக, பரப்போடு ஒப்பிட விளிம்பு நீண்டுகொண்டே போகிறது. ஆகவே சிறிய துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும். 1940களில் இதை இந்திய வயல்களில் சோதித்து நிறுவியவர் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே. வட்டச் சட்டங்களை வைத்து வங்காளத்தில் ஆய்வு நடத்திய இன்னொரு புள்ளியியலாளர் மகலநோபிஸுக்கும் அவருக்கும் இதில் கடுமையான விவாதம் நடந்தது. 1951இல் சுகாத்மே ரோம் நகருக்குப் போய் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளியியல் பிரிவைப் பொறுப்பேற்றார். விளிம்பில் நிற்கும் ஒரு குத்து நெல்லைப் பற்றி இரண்டு மேதைகள் சண்டை போட்டதில் எனக்கு வியப்பில்லை. வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

மேகத்துக்கு மேலிருந்து

இத்தனை பேரை நடக்க வைக்க எல்லா நாடுகளாலும் முடியாது. செயற்கைக்கோள் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். ஆசிய நெல்லில் பெரும்பகுதி மழைக்காலப் பயிர். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும். சாதாரணக் கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும்.

நுண்ணலை மேகத்தை ஊடுருவும். ராடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும். தட்டையான நீர்ப்பரப்பில் சாய்வாக விழும் அலை மறுபக்கம் தெறித்துப் போய்விடும். எதுவும் திரும்பாததால் படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர, அலைகள் நீரிலும் தண்டிலும் மாறிமாறி மோதித் திரும்பி வரும். வயல் வாரத்துக்கு வாரம் வெளுக்கும். கதிர் வரும் பருவத்துக்குப் பின் அந்த வெளுப்பு நிலைபெற்று மெல்லக் குறையும். ஒரே பருவத்தில் கறுப்பிலிருந்து இத்தனை வேகமாக வெளுக்கும் பயிர் வேறு அதிகமில்லை. அந்த ஏற்றத்தை வைத்தே இது நெல், இன்ன வாரம் நட்டது என்று சொல்லிவிடலாம்.

2014இல் ஐரோப்பாவின் சென்டினல்-1, ஜப்பானின் தைச்சி-2 ஆகிய இரண்டு ராடார் செயற்கைக்கோள்களும் ஏவப்பட்ட பிறகு இது ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தது. ஜப்பான் விண்வெளி முகமை முன்னின்று நடத்தும் 'ஏசியா ரைஸ்' முயற்சி, இந்தப் படங்களைத் தென்கிழக்காசிய நாடுகளின் வேளாண் துறைகளுக்குக் கொண்டுசேர்த்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்ற இன்னொரு திட்டத்தில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கூட்டாளி. காவிரி டெல்டாவில் எந்த ஊரில் நடவு பொய்த்தது என்று பார்த்துப் பயிர்க் காப்பீட்டுக்கு வழிகாட்ட அது உதவியது. ஆனாலும் வானத்திலிருந்து வரும் படத்தைச் சரிபார்க்கச் சேற்றில் இறங்கும் ஆள் வேண்டும். வாழைக்கும் நாணலுக்கும் நடுவே எது நெல் என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது அவர் எடுத்த புகைப்படம்தான்.

பாங்காக்கில் ஒரு மேசை

ஒரு நாட்டுக்கே இத்தனை பாடு. பத்துப் பதின்மூன்று நாடுகளின் எண்களை ஒரே மேசையில் வைத்தால்?

2003இல் ஜப்பானின் உதவியோடு தொடங்கியது ஆசியான் உணவுப் பாதுகாப்புத் தகவல் அமைப்பு. தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளும் சீனா, ஜப்பான், தென் கொரியாவும் இதில் சேர்ந்தன. செயலகம் பாங்காக்கில், தாய்லாந்து வேளாண் பொருளாதார அலுவலகத்தில் இயங்குகிறது. நெல், மக்காச்சோளம், சோயா, கரும்பு, மரவள்ளி ஆகிய ஐந்து பயிர்களின் பரப்பு, உற்பத்தி, வர்த்தகத்தைத் திரட்டி, முன்னோட்ட அறிக்கைகளும் முன்னெச்சரிக்கைக் குறிப்புகளும் வெளியிடுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு நாடு நெல்லாக எழுதுகிறது, இன்னொன்று அரிசியாக. நடுவே மூன்றில் ஒரு பங்கு எடை உமியிலும் தவிட்டிலும் போய்விடும். அறுத்த ஈரத்தோடு எடை போட்டதா, பதினான்கு சதவீத ஈரத்துக்குக் காயவைத்ததா? ஒருவரின் பயிர் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது, மற்றவருடையது ஜனவரியில். மெக்காங் டெல்டாவில் ஆண்டுக்கு மூன்று போகம் என்பதால் ஒரே வயல் மூன்று முறை கணக்கில் வரும். இந்த அமைப்பின் முதல் ஆண்டுகளில் பெரும்பங்கு உழைப்பு, அலுவலர்களைப் பயிற்றுவிக்கவும் இவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரவும் போனது. வெளியே யாருக்கும் தெரியாத வேலை இது. இதைச் செய்தவர்களுக்கு ஆசியா கடன்பட்டிருக்கிறது.

2011இல் ஜி-20 நாடுகள், 2008 மறுபடி வரக்கூடாது என்று, உலக அளவில் 'அமிஸ்' என்ற வேளாண் சந்தைத் தகவல் அமைப்பை ரோமில் நிறுவின. ஏசியா ரைஸ் வழியாகத் திரளும் பயிர் நிலவரம் இன்று அதன் மாத அறிக்கைக்கும் போய்ச் சேர்கிறது.

கெட்ட செய்தியை யார் முதலில் சொல்வது?

அளவிடும் கருவிகள் வந்துவிட்டன, தயக்கம் போகவில்லை. எங்கள் சம்பா பொய்த்துவிட்டது என்று ஒரு நாடு மேசையில் சொன்னால், மறுநாளே அது வாங்கப்போகும் அரிசியின் விலை ஏறும். சொல்லாமலிருந்தால் இரண்டு வாரம் பழைய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். உண்மை சொல்பவருக்குத் தண்டனை கிடைக்கும் இடத்தில் எந்த மென்பொருளும் உதவாது.

அதனால்தான் தகவலோடு சரக்கையும் சேர்த்தார்கள். 2011 அக்டோபரில் ஜகார்த்தாவில் கையெழுத்தாகி 2012இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, பாங்காக் மேசையின் 13 நாடுகளும் அவசரகால அரிசிச் சேமிப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. சீனா 3 லட்சம் டன், ஜப்பான் இரண்டரை லட்சம், கொரியா ஒன்றரை லட்சம், ஆசியான் நாடுகள் சேர்ந்து 87,000 டன். மொத்தம் 7,87,000 டன். இதில் பெரும்பகுதி தனியே குவித்து வைத்ததல்ல. அவரவர் கிடங்கில் இருப்பதில் இவ்வளவை ஒதுக்குகிறோம் என்ற வாக்குறுதி. ஆசியான் நாடுகள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் அரிசி சாப்பிடுவதாகக் கொண்டால் இது மூன்று நாள் சோற்றுக்குக் கூடக் காணாது. 2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது இதிலிருந்து அரிசி போனது. புயலுக்கு உதவும் அளவு இது. பிராந்தியம் முழுக்க வறட்சி வந்தால் போதாது. நோக்கம் சரியாக இருக்கிறது, அளவு வெட்கப்படும்படி சிறிதாக இருக்கிறது என்பதே என் கருத்து.

இன்னொரு குறை, மேசையில் இந்தியா இல்லை. உலக அரிசி ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு விற்கும் நாடு அமிஸில் இருக்கிறது, ஆசியான் கூட்டமைப்பில் இல்லை. தெற்காசியாவில் சார்க் உணவு வங்கி 2007 ஒப்பந்தத்தில் பிறந்தது. ஆனால் 2022இல் இலங்கை அரிசிக்குத் தவித்தபோது, தமிழ்நாடு அரசு அனுப்பிய 40,000 டன் உட்பட, பெரிய உதவிகள் நேரடியாகவே போயின.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. மத்தியத் தொகுப்பின் அரிசி இருப்பு அப்போது வரம்புக்கு மேலேதான் இருந்தது. அந்த எண்ணை இந்தியா மாதந்தோறும் வெளியிடுகிறது. உள்நாட்டு விலையேற்றமும் எல் நீன்யோ அச்சமும் அந்த எண்ணை விட வலுவாகப் பேசின. வியட்நாம், தாய்லாந்து விலைகள் 600 டாலரைத் தாண்டி, 2008க்குப் பிறகு காணாத உயரத்தைத் தொட்டன. ஆனால் ஆயிரத்தைத் தொடவில்லை. கிடங்கில் அரிசி இருக்கிறது, தடை என்றைக்காவது விலகும் என்று வாங்குபவர்களுக்குத் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2024 செப்டம்பரில் தடை விலகியது.

கூரைக்குக் கீழே

வயலில் நிற்பதை இப்போது ஓரளவு சரியாகவே பார்க்கிறோம். ராடார் மேகத்தைத் துளைக்கும், கிடங்கின் கூரையைத் துளைக்காது. ஆலைகளிலும் வியாபாரிகளிடமும் கோடிக்கணக்கான வீடுகளிலும் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2008இல் சந்தையைக் கலக்கியதும் அறுவடையைப் பற்றிய சந்தேகத்தை விட இருப்பைப் பற்றிய சந்தேகமே. உலக அரிசி இருப்பில் பாதிக்கு மேல் சீனாவில் இருப்பதாகக் கணிக்கிறார்கள். அந்த எண்ணைச் சீனா வெளியிடுவதில்லை. உற்பத்தியிலிருந்து உண்டதைக் கழித்து அமெரிக்க வேளாண் துறை ஒரு கணக்கும், உணவு வேளாண் அமைப்பு தனியாக இன்னொரு கணக்கும் போடுகின்றன. பாங்காக் மேசையில் அடுத்து வைக்க வேண்டியது அந்த இருப்பு எண்தான்: ஒவ்வொரு நாடும், மாதம் ஒருமுறை, ஒரே அளவுகோலில்.